வாய் கோணியதற்குத் தோளை ஏன் தூக்கச் சொன்னார்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 43 வயது. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். போன ஞாயிறு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வலது பக்கமாக வழிந்தது. பார்த்தால் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. வலது கண் மூடவில்லை. மூடச் சொன்னால் கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிகிறது. அதைப் பார்த்து என் மாமியார் பயந்துபோய், மந்திரிக்க வேண்டும் என்கிறார். முந்தின நாளே காதுக்குப் பின்னால் வலி என்றார். இப்போது குக்கர் விசில் அந்தக் காதைப் பிளக்கிறதாம், சாப்பாடு சப்பென்று இருக்கிறதாம்.

பக்கவாதம் என்று பயந்து அன்றைக்கே ஒரு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் புருவத்தைத் தூக்கு, பல்லைக் காட்டு என்றார். அது சரி. அப்புறம் விரலைக் காட்டிக் கண்ணை அசைக்கச் சொன்னார், பஞ்சால் கன்னத்தைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், தோளைத் தூக்கச் சொன்னார். 'பாப்பா, தாத்தா, காக்கா' என்று சொல்லச் சொன்னார்! வாய் கோணியவருக்கு இதெல்லாம் எதற்கு? ஸ்கேன் எடுக்கவே இல்லை. "ஏழாம் நரம்பு, பயப்படாதீங்க" என்று சொல்லி, ஸ்டீராய்டு மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார். ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறி கிட்னி போய்விடும் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் இரண்டு நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டோம். பக்கத்துத் தெருவில் புறா வளர்க்கிற அண்ணன், புறா ரத்தம் தடவினால் சரியாகிவிடும், நானே ஒன்று தருகிறேன் என்கிறார். என்ன செய்வது? அது என்ன ஏழாம் நரம்பு? மொத்தம் எத்தனை இருக்கிறது?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கும், அது காத்திருக்காது. இதைப் படித்ததும் மாத்திரை அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, பார்த்த டாக்டரிடமே கணவரை அழைத்துப் போங்கள். "இரண்டு நாள் சாப்பிட்டோம், பயந்து நிறுத்திவிட்டோம்" என்று உள்ளபடி சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கு ஸ்டீராய்டை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் உறுதி. நீங்கள் முதல் நாளே ஆரம்பித்துவிட்டீர்கள், அது நல்ல காலம். நடுவில் விட்டதை எப்படித் தொடர்வது என்பதை சர்க்கரை அளவைப் பார்த்து அவர் சொல்வார்.

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மைதான். காலையில் சாப்பிட்டால் மதியத்துக்கு மேல்தான் அதிகம் ஏறும். அதனால் காலை வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டவோ, ஓரிரு வாரம் இன்சுலின் போடவோ நேரலாம். ஸ்டீராய்டு முடிந்ததும் அதைக் குறைத்துவிடுவார்கள். பத்து நாள் மாத்திரையால் கிட்னி போகாது. வருஷக்கணக்கில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காததால்தான் போகும். ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்குப் போடுகிற ஊசிக்கும் ஸ்டீராய்டு என்றுதான் பெயர். ஆனால் அது வேறு சரக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நல்ல மருந்தைக் குப்பையில் போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இனி ஸ்கேன். எடுக்காததால் அலட்சியம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த டாக்டர் கை விரலையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு, கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஏறக்குறைய விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்குக் கண்டுபிடித்திருக்கிறார். எப்படி என்று சொல்கிறேன்.

உடம்புக்குப் போகிற நரம்புகளில் பெரும்பாலானவை முதுகுத்தண்டிலிருந்து கிளம்புகின்றன. தலைக்கும் முகத்துக்கும் உள்ளவை அப்படியில்லை. அவை நேராக மூளையிலிருந்து கிளம்பி, மண்டையோட்டில் தங்களுக்கென்று உள்ள துவாரங்கள் வழியாக வெளியே வருகின்றன. இவற்றைக் கபால நரம்புகள் என்பார்கள். வலது பக்கம் 12, இடது பக்கம் 12. முன்னாலிருந்து பின்னால் எண் போட்டிருக்கிறார்கள். 1664இல் தாமஸ் வில்லிஸ் ஒன்பது ஜோடி என்று எண்ணினார். 1778இல் சோமரிங் என்ற ஜெர்மானியர் சேர்ந்து கிடந்தவற்றைப் பிரித்து எண்ணிப் பன்னிரண்டு என்றார். இன்றைக்கும் அந்தக் கணக்குதான்.

உங்கள் கணவருக்குப் பழுதானது வலது பக்கத்து ஏழாவது. முகத்தில் பாவம் காட்டுகிற தசைகள் எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. புருவம் தூக்குவது, கண்ணை இறுக மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது, கொப்பளிக்கும் தண்ணீரை வாய்க்குள் நிறுத்தி வைப்பது எல்லாம் அதன் வேலை. கண்ணை மூடுவதற்கு ஏழாவது, திறப்பதற்கு மூன்றாவது. மூடுகிற ஆள் படுத்துவிட்டார், திறக்கிற ஆள் நன்றாக இருக்கிறார். அதனால்தான் கண் திறந்தபடியே நிற்கிறது.

பக்கவாதமா, நரம்பு வாதமா என்பதற்குப் புருவம்தான் முதல் சாட்சி. முகத்தின் கீழ்ப்பாதிக்கு மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே கட்டளை வருகிறது. நெற்றிக்கோ மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. மூளைக்குள் ஒரு பக்கம் ரத்த ஓட்டம் நின்றுபோனால் வாய் கோணும், ஆனால் மறுபக்கத்து மூளை நெற்றியைக் காப்பாற்றிவிடும், புருவம் ஏறும். நரம்பே பழுதானால் இரண்டு கட்டளையும் போய்ச் சேராது. புருவமும் ஏறாது, கண்ணும் மூடாது, வாயும் கோணும். ஆக, முகம் முழுக்கச் செயலிழந்து பார்க்கவே பயமாக இருக்கிறதே, அதுதான் பெரும்பாலும் ஆபத்து குறைந்தது. உங்கள் கணவருக்குக் கண் மூடவில்லை என்று நீங்கள் எழுதிய வரியிலேயே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே புருவத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். திடீரென்று வாய் கோணினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுவதுதான் சரி. நீங்கள் செய்ததும் அதுதான். உண்மையிலேயே பக்கவாதமாக இருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

இப்போது தோளுக்கும் நாக்குக்கும் வருவோம். புருவம் மட்டும் போதாது, ஏனென்றால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கிற மூளைத்தண்டில்தான் ஏழாம் நரம்பு புறப்படுகிறது; அங்கேயே அடைப்பு வந்தால், அங்கும் முகம் முழுக்கத்தான் செயலிழக்கும். ஆனால் அந்த இடத்தில் ஏழாம் நரம்பின் இழைகள் ஆறாம் நரம்பு கிளம்புகிற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வருகின்றன. கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது ஆறாவதின் வேலை. மூளைத்தண்டில் அடி விழுந்தால் ஏழாவது மட்டும் தனியாக விழுவது அபூர்வம். ஆறாவதும் சேர்ந்து விழும், இரண்டிரண்டாகத் தெரியும், கை கால் பலவீனமும் வரும். விரலைக் காட்டி 'இங்கே பார், அங்கே பார்' என்றது அதற்குத்தான்.

மூளைத்தண்டைத் தாண்டி வெளியே வந்ததும் ஏழாவதும் எட்டாவதும் ஒரே எலும்புத் துவாரத்தில் சேர்ந்து நுழைகின்றன. எட்டாவது கேட்கிற நரம்பு, உடம்பின் சமநிலைக்கும் அதுதான். அந்த இடத்தில் கட்டி ஏதாவது வளர்ந்தால் முதலில் காது மந்தமாகும். இன்னும் பெரிதானால் பக்கத்திலிருக்கும் ஐந்தாவதையும் அழுத்தும். காதருகே விரலை உரசிக் 'கேட்கிறதா' என்றாரா? நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், செய்திருப்பார். பஞ்சால் கன்னத்தைத் தொட்டது ஐந்தாவதுக்கு. முகத்தின் தொடு உணர்ச்சி முழுக்க ஐந்தாவதுடையது, மெல்லுகிற தசைகளும் அதனுடையவைதான். ஏழாவது பழுதாகி முகம் 'மரத்துப்போன மாதிரி' இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். பஞ்சால் தொட்டால் நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஐந்தாவது நலம்.

ஐந்தாவதைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஊரே கண் எரிய, மூச்சுத் திணற எழுந்து ஓடியது நினைவிருக்கும். அந்த எரிச்சலை மூளைக்குச் சொன்னது வாசனை நரம்பான ஒன்றாவது அல்ல. கண்ணிலும் மூக்கிலும் உள்ள ஐந்தாவதின் நுனிகள்தான். வாசனையே தெரியாதவர்களுக்கும் அமோனியா நெடி ஏறும். அதனால்தான் வாசனை போய்விட்டது என்று பொய்யாகச் சொல்கிறவரைப் பிடிக்க அமோனியாவை நீட்டிப் பார்ப்பார்கள். 'அதுவும் தெரியவில்லை' என்றால் சந்தேகம் வலுக்கும்.

'பாப்பா, தாத்தா, காக்கா' கேட்டுச் சிரித்திருப்பீர்கள். பாப்பாவுக்கு உதடு ஒட்ட வேண்டும், அது ஏழாவது. தாத்தாவுக்கு நாக்கின் நுனி, அது பன்னிரண்டாவது. காக்காவுக்கு வாயின் பின்பக்கம் வேலை செய்ய வேண்டும், உள்நாக்குப் பக்கத்தைத் தூக்குவது பத்தாவது. உங்கள் கணவருக்குப் பாப்பா மட்டும் குழறியிருக்கும். மூன்றும் குழறினால் அந்த டாக்டர் உங்களை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார். நாக்கை நீட்டச் சொன்னதும் பன்னிரண்டாவதுக்குத்தான். அது பழுதானால் நாக்கு பழுதான பக்கமே சாயும். வாய் கோணியிருப்பதால் நாக்கு சாய்ந்திருப்பது போலக் கண்ணுக்குத் தோன்றும், அதைப் பிரித்தறியக் கொஞ்சம் அனுபவம் வேண்டும். தோளைத் தூக்குவது பதினொன்றாவது. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் மண்டையோட்டின் ஒரே துவாரத்தில் சேர்ந்து வெளியே வருவதால், தோளைப் பார்ப்பது மற்ற இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விசாரிப்பதுதான்.

பத்தாவதான வேகஸ் நரம்பு பெரிய ஊர்சுற்றி. தொண்டை, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை என்று வயிறு வரைக்கும் போகும். அதன் ஒரு சின்னக் கிளை காதுத் துவாரத்துக்கும் வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதே, அது இதன் வேலைதான். காதைக் குடையாதீர்கள் என்பது வேறு விஷயம்.

மீதி நரம்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, பார்வை நரம்பு. டார்ச் அடித்தால் ஒளியை உள்ளே சொல்வது அது, கண் பாப்பாவைச் சுருக்குவது மூன்றாவது. நாலாவது இருப்பதிலேயே மெல்லியது. அது பழுதானால் மாடிப்படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்கு மூன்றாவதும் ஆறாவதும்கூடத் திடீரென்று மக்கர் செய்யும். பெரும்பாலும் சில மாதத்தில் தானாகச் சரியாகும். ஆனால் கண் இமை தொங்கி, பாப்பா விரிந்து, தலைவலியும் இருந்தால் அது ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் சோதித்து ஏழாவது மட்டும், அதுவும் வலது பக்கம் மட்டும் என்று உறுதியானால், மூளைக்குள் எதுவும் இல்லை என்று நம்பலாம். அப்புறம் காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, கன்னத்தில் காதுக்கு முன்னால் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவையும் இல்லை, ஓரிரு நாளில் வந்தது என்றால் அதற்கு பெல் வாதம் என்று பெயர். முகத்தின் நரம்புகளைப் பற்றி 1821இல் எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் பெல்லின் பெயர். இதற்கு உடனே ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, சிகிச்சையும் மாறாது.

காது வலியும் குக்கர் விசிலும் சப்பென்ற சாப்பாடும் ஒரே கதையின் பகுதிகள்தான். ஏழாம் நரம்பு காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் ஒரு குறுகிய, வளைந்த பாதை வழியாக வருகிறது. மிகக் குறுகலான இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் கிடையாது. நரம்பு வீங்கினால் எலும்பு விட்டுக்கொடுக்காது. மழைக்காலத்தில் ஊறிய மரக்கதவு சட்டத்தில் இறுகிக்கொள்வதுபோல நரம்பு அங்கே இறுகிக்கொள்கிறது. அந்தப் பாதையிலேயே இரண்டு கிளைகள் பிரிகின்றன. ஒன்று நடுக்காதில் உள்ள மிகச் சிறிய தசைக்கு. பெரிய சத்தம் வந்தால் அதைக் கொஞ்சம் அடக்கி உள்ளே விடுவது அந்தத் தசை. அது செயலிழந்ததால்தான் விசில் காதைப் பிளக்கிறது. இன்னொன்று நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை உணர்வைக் கொண்டுவருவது. இரண்டும் போயிருப்பதால், இறுக்கம் இந்தக் கிளைகள் பிரிவதற்கு முன்னாலேயே இருக்கிறது என்று தெரிகிறது. ஸ்டீராய்டு கொடுப்பது இந்த வீக்கத்தை வற்ற வைக்கத்தான்.

கருவிழி மேலே போவதைப் பற்றி மாமியாரிடம் சொல்லுங்கள்: கண்ணை மூடும்போது நம்மில் பெரும்பாலானோருக்கும் விழி மேலே போகத்தான் செய்கிறது. இமை மூடிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. இவருக்கு இமை மூடாததால் தெரிகிறது. அதற்கும் பெல் பெயர்தான். நல்ல அறிகுறிதான் அது, விழி மேலே போவதால் கருவிழி கொஞ்சமாவது காய்ந்துபோகாமல் தப்பிக்கிறது. மந்திரித்துக் கயிறு கட்டினால் அவர் மனசு ஆறும் என்றால் கட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. முகத்தில் எதையும் பூசக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

புறா ரத்தம் கண்டிப்பாக வேண்டாம். தோலுக்கு மேல் தடவுகிற எந்த ரத்தமும் எலும்புக்குள் இருக்கும் நரம்பைத் தொடப்போவதில்லை. மூடாத கண்ணுக்குப் பக்கத்தில் அதைப் பூசினால் கிருமிதான் சேரும். 'புறா தடவித்தான் எனக்குச் சரியாச்சு' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த நோயில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஒன்றும் செய்யாமலே முழுக்கச் சரியாகிவிடும். அந்தப் பெயரைப் புறா தட்டிக்கொண்டு போகிறது. அண்ணனிடம் நன்றி சொல்லி, புறாவைப் பந்தயத்துக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்றும் செய்யாமலே சரியாகும் என்றால் மாத்திரை எதற்கு என்று கேட்பீர்கள். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் வந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில், ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு முகம் முழுக்கச் சரியாகியிருந்தது. சாப்பிடாதவர்களில் 64 சதவீதம். ஒன்பது மாதத்தில் இது 94க்கு 82. சரியாகாமல் நின்றுபோகிற அந்தச் சிலரில் ஒருவராக உங்கள் கணவர் ஆகிவிடக் கூடாது என்பதற்குத்தான் மாத்திரை.

ஏன் வந்தது? ஆட்டோவில் காற்று அடித்தது, ஃபேனுக்கு நேரே படுத்தது என்று எல்லோரும் காற்றைத்தான் திட்டுவார்கள். அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. உதட்டில் கொப்புளம் கொண்டுவருகிற ஹெர்பிஸ் வைரஸ் நரம்பிலேயே பல வருஷம் உறங்கிக் கிடந்து திடீரென எழுவது காரணமாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. சர்க்கரை உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. வாய் கோணல் ஒட்டிக்கொள்ளாது. அவர் தட்டில் நீங்கள் சாப்பிடலாம்.

இப்போது கண். நரம்பு பெரும்பாலும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், கண்ணை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்த நோயில் நான் உண்மையாகவே பயப்படுவது கோணிய வாயைப் பார்த்து அல்ல, காய்ந்த கருவிழியைப் பார்த்துத்தான். அதில் புண் வந்தால் பார்வை போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விடுங்கள். தூங்கப் போகும்போது கண் களிம்பு போட்டு, மேல் இமையை விரலால் மெதுவாகக் கீழே இறக்கி, இமை முழுக்க மூடியபிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஒட்டுங்கள். இமை மூடாமல் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டினால் அது கருவிழியில் உரசும், வேண்டவே வேண்டாம். வெளியே போனால் கண்ணாடி, வெறும் பவர் இல்லாத கண்ணாடி போதும்.

ஆட்டோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற உங்கள் பக்கத்துச் சாலைகளில் பறக்கிற புழுதியில், மூடாத கண்ணோடு வண்டி ஓட்டக் கூடாது. களிம்பு போட்ட கண்ணில் பார்வை மங்கலாகவும் இருக்கும். ஷேர் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களையும் நினைக்க வேண்டும். தினக்கூலி போவது கஷ்டம்தான். கண் மூட ஆரம்பிக்கும் வரை வண்டியை வேறு யாரிடமாவது வாடகைக்கு விட முடியுமா பாருங்கள்.

பபிள்கம் மெல்லச் சொல்வார்கள், பலூன் ஊதச் சொல்வார்கள். மெல்லுவது ஐந்தாவதின் வேலை என்று மேலே சொன்னேனே, எவ்வளவு மென்றாலும் ஏழாவதுக்கு அது பயிற்சி ஆகாது. தம் கட்டி பலூன் ஊதுவதும் வேண்டாம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புருவம் தூக்குவது, உதட்டைக் குவிப்பது, பல் தெரியச் சிரிப்பது என்று மெதுவாகச் செய்தால் போதும், முகம் வலிக்கும் அளவுக்கு வேண்டாம். 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லப்படும் மின்சிகிச்சையால் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதற்குச் செலவு செய்யாதீர்கள். சாப்பிடும்போது வலது கன்னத்தில் சோறு தங்கும், வாயை நன்றாகக் கொப்பளித்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பட்டால் கூசினால், அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். காதிலோ வாய்க்குள்ளோ கொப்புளம் வந்தாலும், காது மந்தமானாலும், தலை சுற்றினாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், மறுபக்க முகமும் தளர்ந்தாலும் காத்திருக்காமல் அதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கையோ காலோ பலவீனமானால், பேச்சு புரியாமல் போனால் 108ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சுக்கோ போய்விடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தை விடாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு திரும்பும். உதட்டோரம் லேசாக இழுக்கும், இல்லாவிட்டால் சாப்பாட்டில் உப்பு உறைக்கும். முழுக்கச் சரியாக மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம். நரம்பு திரும்ப வளரும்போது சிலருக்கு இழைகள் வழி மாறிப் போய்ச் சேரும். சிரித்தால் கண் சுருங்கும், சாப்பிடும்போது ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வரும். காரத்தால் இல்லை. உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அப்படி வந்தாலும் அதற்கு வழி இருக்கிறது, அப்போது எழுதுங்கள்.

மூன்று வாரம் ஆகியும் துளிகூட அசைவு இல்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள். மூன்று மாதத்திலும் சரியாகவில்லை என்றாலோ, நடுவில் இன்னும் மோசமானாலோ அப்போது ஸ்கேன் கேளுங்கள். அதற்கு அப்போது காரணம் இருக்கும், அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.